டெயில்ஸ், ஹூனிக்ஸ், க்யூப்ஸ்: அடையாளம் கசியாமல் இணையத்தில் இயங்க முழுமையான வழிகாட்டி

உலாவியின் இன்காக்னிட்டோ ஜன்னல் செய்வது ஒரே ஒரு வேலை. ஜன்னலை மூடியதும் உலாவிய வரலாற்றையும் குக்கிகளையும் அந்தக் கணினியிலிருந்து நீக்கிவிடும். நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது இணைய இணைப்பு தரும் நிறுவனத்துக்குத் தெரியும். உங்கள் இணைப்பின் அடையாள எண்ணான ஐபி முகவரி அந்தத் தளத்துக்குத் தெரியும். போக்குவரத்தை வேறொரு சர்வர் வழியாகத் திருப்பும் விபிஎன் போட்டால் இணைப்பு நிறுவனத்தின் கண்ணுக்குத் தப்பலாம், ஆனால் அதே விவரம் முழுக்க விபிஎன் நிறுவனத்தின் கைக்குப் போகிறது. இந்தியாவில் 2022 ஏப்ரல் 28 அன்று அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவின்படி, விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி ஆகியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்ற நிறுவனங்கள் அந்த ஆண்டே தங்கள் சர்வர்களை இந்தியாவிலிருந்து அகற்றின.

எனவே எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: யாரிடமிருந்து எதை மறைக்கப் போகிறீர்கள்? தடயம் நான்கு இடங்களில் தங்கும். உங்கள் கணினியின் டிஸ்க், இணைப்பு தரும் நெட்வொர்க், நீங்கள் போகும் தளம், அங்கே நீங்களே கொடுக்கும் கணக்கு விவரம். முதல் மூன்றுக்கும் மென்பொருள் இருக்கிறது. நான்காவதற்கு எந்த இயங்குதளத்திலும் மருந்தில்லை.

எது யாருக்கு

படிக்கும் செய்தியையும் தேடும் நோயின் பெயரையும் விளம்பர நிறுவனங்கள் தொகுக்கக் கூடாது என்பது மட்டும்தான் கவலையென்றால், இருக்கும் விண்டோஸிலேயே, பல சர்வர்கள் வழியாகச் சுற்றிப் போய் ஐபியை மறைக்கும் டோர் உலாவியை நிறுவினால் போதும். கணினி உங்களுடையது இல்லை, அல்லது யாராவது எடுத்துப் பார்க்கக்கூடும் என்றால், பென்டிரைவிலிருந்தே ஓடும் இயங்குதளமான டெயில்ஸ். ஒரே அடையாளத்தில் மாதக்கணக்கில் வேலை செய்ய வேண்டும், மென்பொருளில் ஓட்டை இருந்தாலும் ஐபி வெளியே போகக் கூடாது என்றால், இருக்கும் இயங்குதளத்துக்குள் ஓடும் ஹூனிக்ஸ். அலுவலக வேலை, சொந்த வேலை, ரகசிய வேலை மூன்றையும் ஒரே லேப்டாப்பில் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும் என்றால் க்யூப்ஸ் என்ற இயங்குதளம்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை டெயில்ஸ்தான். தவறு செய்ய இடம் குறைவு, கணினியில் விட்ட தடயமும் அணைத்ததும் அழிந்துபோகும். 2013-இல் அமெரிக்க உளவு ரகசியங்களை வெளியிட்ட ஸ்னோடனின் ஆவணங்களைக் கையாண்ட லாரா பொய்ட்ராஸ் உள்ளிட்ட செய்தியாளர்கள் பயன்படுத்தியதும் இதைத்தான். 2009-இல் தொடங்கிய இந்தத் திட்டம் 2024 செப்டம்பரில் டோர் திட்டத்தோடு இணைந்தது. கீழே பெரும்பகுதி டெயில்ஸைப் பற்றியது.

டெயில்ஸ்: தேவையானவை

குறைந்தது 8 ஜிபி கொள்ளளவுள்ள பென்டிரைவ் வேண்டும். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் புதிதாக ஒன்று வாங்குவது நல்லது. கோப்புகளையும் சேமிக்கப் போகிறீர்கள் என்றால் 16 ஜிபி எடுங்கள். கணினியில் 64 பிட் இன்டெல் அல்லது ஏஎம்டி செயலி இருக்க வேண்டும். ஆப்பிளின் எம்1, எம்2 வகைக் கணினிகளிலும் கைப்பேசிகளிலும் டெயில்ஸ் ஓடாது. ரேம், 7.0 பதிப்பிலிருந்து 3 ஜிபி. டிஸ்க்கைத் தொடாமல் எல்லாவற்றையும் ரேமிலேயே வைத்துக்கொள்வதால் இந்த அளவில் விட்டுக்கொடுக்க முடியாது. 2 ஜிபி ரேம் உள்ள பழைய நெட்புக்கில் முயன்றால் நான்கு டேப் திறப்பதற்குள் உறைந்து நின்றுவிடும்.

பதிவிறக்கமும் சரிபார்ப்பும்

டெயில்ஸ் டாட் நெட் என்ற தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். டெலிகிராம் குழுவில் கிடைத்தது, நண்பர் பென்டிரைவில் தந்தது எதுவும் வேண்டாம். பென்டிரைவுக்கு ஐஎம்ஜி கோப்பு, டிவிடிக்கும் மெய்நிகர் கணினிக்கும் (ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஐஎஸ்ஓ கோப்பு என இரண்டு வகை உண்டு. பலர் பழக்கத்தில் ஐஎஸ்ஓவை இறக்கிவிடுகிறார்கள். அதைப் பென்டிரைவில் எழுதினாலும் சில கணினிகளில் பூட் ஆகும் (கணினி அதிலிருந்து தொடங்கும்), ஆனால் பின்னால் சேமிப்பகம் உருவாக்கப் போகும்போது கையை விரித்துவிடும்.

இறக்கிய பக்கத்திலேயே சரிபார்க்கும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தி, இறங்கிய கோப்பைக் காட்டினால் உலாவி அதன் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு ஒப்பிடும். கோப்பு வெளியே எங்கும் போகாது. பாதியில் அறுந்த பதிவிறக்கம், மாற்றப்பட்ட கோப்பு இரண்டையும் இது பிடித்துவிடும். சரிபார்ப்பு தோற்றால் முதலில் மறுபடி இறக்குங்கள், பெரும்பாலும் இணைப்பு அறுந்ததுதான் காரணம். தளமே போலியாக இருந்தால் அதன் பொத்தானும் பொய்தான் சொல்லும். அந்த அளவு ஆபத்தில் இருப்பவர்கள், வெளியிட்டது யார் என்று உறுதிசெய்யும் ஓபன்பிஜிபி கையொப்பத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இறக்குவதே ஒரு தடயம் என்பதையும் சொல்ல வேண்டும். டெயில்ஸ், டோர் தளங்களுக்குப் போகிறவர்களை அமெரிக்காவின் உளவு அமைப்பான என்எஸ்ஏ தனியே குறித்து வைத்தது 2014 ஜூலையில் ஜெர்மன் ஊடகங்கள் வழியாக வெளிவந்தது.

பென்டிரைவில் எழுதுதல்

முன்பு இதற்கு பலேனா எட்சர் என்ற கருவியைச் சொல்வார்கள். பயனர் எழுதும் கோப்பின் பெயரையும் பென்டிரைவின் மாடலையும் அது தன் நிறுவனத்துக்கு அனுப்பத் தொடங்கியதால், டெயில்ஸ் குழு விண்டோஸில் ரூஃபஸ் என்ற கருவிக்கு மாறிவிட்டது. பழைய யூடியூப் வீடியோக்களில் இன்னும் எட்சர்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

1. ரூஃபஸை இறக்கித் திறங்கள். நிறுவத் தேவையில்லை, அப்படியே ஓடும்.
2. பென்டிரைவைச் செருகி, டிவைஸ் பட்டியலில் அதைத் தேர்ந்தெடுங்கள். கொள்ளளவைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். வெளி ஹார்ட் டிஸ்க் ஏதாவது இணைந்திருந்தால் கழற்றிவிடுவதே பாதுகாப்பு.
3. செலக்ட் பொத்தானை அழுத்தி ஐஎம்ஜி கோப்பைக் காட்டுங்கள். மற்ற அமைப்புகள் எதையும் மாற்ற வேண்டாம்.
4. ஸ்டார்ட் அழுத்தி, எல்லாம் அழியும் என்ற எச்சரிக்கைக்கு ஒப்புக்கொள்ளுங்கள். பென்டிரைவின் வேகத்தைப் பொறுத்துச் சில நிமிடங்கள் ஆகும்.

லினக்ஸில் இருப்பவர்கள் க்னோம் டிஸ்க்ஸ் செயலியில் ரீஸ்டோர் டிஸ்க் இமேஜ் என்பதைப் பயன்படுத்தலாம்.

முடிந்ததும் விண்டோஸ் இந்தப் பென்டிரைவைப் படிக்க முடியவில்லை, ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிக் கழற்றுங்கள். வேலையெல்லாம் வீணாவது பெரும்பாலும் இந்த ஒரு கேள்விக்கு ஆம் சொல்லித்தான். வென்டாய் போன்ற பல இயங்குதளக் கருவிகளில் ஐஎம்ஜியைப் போட்டு ஓட்டுவதையும் தவிருங்கள். பூட் ஆனாலும் மேம்படுத்தலும் நிலையான சேமிப்பகமும் ஒழுங்காக வேலை செய்யாது.

பூட் செய்தல்

விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க்கைக் குறியாக்கம் செய்யும் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் உரிமையாளருக்கே தெரியாமல் இயங்கிக்கொண்டிருக்கும். கணினியின் அடிப்படை அமைப்பான பயாஸில் கைவைத்தால் அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நின்றுவிடலாம். மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவி இருக்கிறதா என்று முதலில் பார்த்துக் காகிதத்தில் எழுதிவையுங்கள். பிறகு தொடங்குங்கள்.

எளிய வழி விண்டோஸ் வழியாகவே போவது. ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை வரும். அதில் யூஸ் எ டிவைஸ் என்பதைத் தேர்ந்து, பென்டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அந்த வாய்ப்பே வரவில்லை என்றால் கணினியை அணைத்து, மீண்டும் இயக்கிய உடனே பூட் மெனு விசையை விடாமல் தட்டுங்கள். டெல், லெனோவோ, ஏசர் என்றால் எஃப்12, எச்பி என்றால் எஃப்9, ஏசுஸ் என்றால் எஸ்கேப், எம்எஸ்ஐ என்றால் எஃப்11. சில மாடல்களில் மாறும். அங்கீகாரமில்லாத இயங்குதளத்தைத் தடுக்கும் செக்யூர் பூட்டை அணைக்கத் தேவையில்லை, 2020-இல் வந்த 4.5 பதிப்பிலிருந்தே டெயில்ஸ் அதை ஏற்கிறது.

மெனுவில் பென்டிரைவே தெரியவில்லை என்றால் ஹப் வழியாகச் செருகாமல் நேரடியாகச் செருகுங்கள், வேறு துளையில் முயலுங்கள். டெயில்ஸ் என்ற மெனு வந்த பிறகு திரை கறுத்து நின்றால் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டு சிக்கல். என்விடியா கார்டு உள்ள லேப்டாப்களில் இது அதிகம். மீண்டும் தொடங்கி, மெனுவில் டிரபிள்ஷூட்டிங் மோட் என்பதைத் தேர்ந்து பாருங்கள். மெனு 4 விநாடிதான் நிற்கும், விரல் தயாராக இருக்கட்டும்.

வரவேற்புத் திரை

முதலில் வரும் திரையில் மொழியும் விசைப்பலகையும் கேட்கும். விசைப்பலகையை இங்கேயே சரியாக அமையுங்கள். அமெரிக்க அமைப்பில் உருவாக்கிய கடவுத்தொடரை வேறொரு அமைப்பில் அடித்தால் குறியீடுகள் மாறி விழுந்து, மறந்துவிட்டோமோ என்று தலையைப் பிய்த்துக்கொள்ள நேரும். தமிழில் எழுத வேண்டியவர்கள் உள்ளே போனபின் அமைப்புகளில் விசைப்பலகைப் பகுதியைத் திறந்து தமிழ்நெட் 99 அமைப்பைக் கூடுதலாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

கூடுதல் அமைப்புகளில் நான்கு விஷயங்கள் இருக்கும். நிர்வாகக் கடவுச்சொல் இயல்பாக அணைந்திருக்கும், அப்படியே விடுங்கள். அதை இயக்கினால் உங்களோடு சேர்ந்து உள்ளே நுழையும் தீய நிரலுக்கும் முழு அதிகாரம் கிடைக்கும். ஆஃப்லைன் முறை, ஆவணத்தைத் திறந்து பார்க்க மட்டும் கணினி வேண்டும் என்கிற சமயத்துக்கானது. பாதுகாப்பற்ற உலாவி என்பது, ரயில் நிலையம், விமான நிலையம் போன்ற இடங்களில் வைஃபைக்குள் நுழையும் பக்கத்தைத் திறக்க மட்டும். அது டோர் வழியாகப் போகாது. அதில் வேறு எதையும் திறக்காதீர்கள்.

நான்காவது, மேக் முகவரி மறைப்பு. வைஃபை சிப் ஒவ்வொன்றுக்கும் தொழிற்சாலையில் கொடுத்த எண் இருக்கும். நீங்கள் இணையும் ரவுட்டர் அதைப் பதிவுசெய்துகொள்ளும். டெயில்ஸ் அதை ஒவ்வொரு முறையும் மாற்றிக் காட்டுகிறது. சில சிப்புகள் இந்த மாற்றத்தை ஏற்காது. அப்போது டெயில்ஸ், உண்மை எண்ணைக் காட்டுவதற்குப் பதில் வைஃபையையே அணைத்துவிடும். வைஃபை காணவில்லை என்று புலம்புகிறவர்களில் ஒரு பகுதியினருக்கு இதுதான் காரணம். சொந்த வீட்டு ரவுட்டரில் இந்த மறைப்பை அணைப்பதால் பெரிய இழப்பில்லை, அந்த இணைப்பு ஏற்கெனவே உங்கள் பெயரில்தான் இருக்கிறது. அடுத்தவர் கணினியில், பொது இடத்தில் அணைக்க வேண்டாம். சிப்புக்கு இயக்கியே இல்லை என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டால் வேலை நடக்கும். அந்த சிம் உங்கள் அடையாள அட்டையோடு கட்டப்பட்டது என்பதை மறக்காமல் இருந்தால் சரி.

டோருடன் இணைதல்

டோர் உங்கள் போக்குவரத்தை மூன்று ரிலேக்கள் (இடையில் நிற்கும் சர்வர்கள்) வழியாக அனுப்புகிறது. முதல் ரிலேவுக்கு உங்கள் ஐபி தெரியும், போகுமிடம் தெரியாது. கடைசி ரிலேவுக்குப் போகுமிடம் தெரியும், உங்களைத் தெரியாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எந்த ஒரு ரிலேவாலும் முடியாது. ஆனால் உங்கள் முனையையும் தளத்தின் முனையையும் ஒரே சமயத்தில் கண்காணிக்க முடிந்தவர்கள் நேரக் கணக்கை வைத்து இரண்டையும் பொருத்த முடியும். டோர் இதைத் தடுப்பதாக ஒருபோதும் சொன்னதில்லை.

வைஃபையில் இணைந்ததும் டோர் கனெக்‌ஷன் ஜன்னல் இரண்டு வழிகளைக் காட்டும். தானாக இணை என்பது முதல் வழி. டோர் பயன்படுத்துவதையே உள்ளூர் நெட்வொர்க்கிலிருந்து மறை என்பது இரண்டாவது. இதற்கு பிரிட்ஜ், அதாவது பொதுப் பட்டியலில் இல்லாத முதல் ரிலே, வேண்டும்.

எதைத் தேர்வது? டோரைப் பயன்படுத்துவதைத் தடைசெய்யும் சட்டம் இந்தியாவில் இல்லை, எனவே வீட்டு இணைப்பில் முதல் வழி பெரும்பாலோருக்குப் போதும். இலங்கையில் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரலிலும் நடந்ததுபோல் குறிப்பிட்ட சமூக ஊடகத் தளங்கள் மட்டும் முடக்கப்பட்டால் அதற்கும் சாதாரண டோர் இணைப்பே போதும். டோரையே மறிக்கும் சீனா, ஈரான், ரஷ்யா போன்ற நாடுகளில் இருந்தால் பிரிட்ஜ் இல்லாமல் முடியாது. இன்னொரு சூழலும் உண்டு. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர் டோரும் தற்காலிக மின்னஞ்சலும் பயன்படுத்தியிருந்தார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்த நேரத்தில் பல்கலைக்கழக வைஃபையிலிருந்து டோருக்குப் போனவர்கள் யார் யார் என்று பதிவேட்டைப் பார்த்தார்கள், பட்டியல் சிறியது. உள்ளிருந்து முறைகேட்டை வெளிப்படுத்த நினைக்கும் ஊழியருக்கும் இதே கணக்குப் பொருந்தும். அலுவலக நெட்வொர்க்கிலிருந்து டோரைத் தொடவே கூடாது, பிரிட்ஜ் இருந்தாலும்.

பிரிட்ஜ் முகவரியை டோர் திட்டத்தின் பிரிட்ஜஸ் பக்கத்தில் கேப்சாவை நிரப்பிப் பெறலாம். ஜிமெயில் அல்லது ரைஸ்அப் கணக்கிலிருந்து மின்னஞ்சல் அனுப்பியும் கேட்கலாம். பதிலோடு வரும் க்யூஆர் குறியீட்டை டெயில்ஸ் ஓடும் கணினியின் கேமராவுக்குக் காட்டினால் நீண்ட வரியைத் தட்டெழுத வேண்டியதில்லை.

நம் பகுதியில் பிரிட்ஜ் தோற்பதற்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது: கடிகாரம். விண்டோஸ், கணினியின் வன்பொருள் கடிகாரத்தில் உள்ளூர் நேரத்தை எழுதி வைக்கிறது. டெயில்ஸ் அதை யூடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. விளைவு, சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருக்கும் கணினியில் டெயில்ஸின் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்னால் ஓடும். ஓபிஎஃப்எஸ்4 வகை பிரிட்ஜ்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிசகினால் கைகுலுக்கவே மறுக்கும். தானாக இணையும் வழியில் டெயில்ஸ் நேரத்தை இணையத்திலிருந்து கேட்டுத் திருத்திக்கொள்ளும். மறைத்து இணையும் வழியில் அப்படிக் கேட்பதே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் கேட்காது. தோல்வித் திரையில் கடிகாரத்தைச் சரிசெய் என்ற பொத்தான் வரும். நேர மண்டலத்தையும் நேரத்தையும் கையால் கொடுத்து மறுபடி முயலுங்கள். மூன்று நான்கு பிரிட்ஜ்களை மாற்றி மாற்றிப் போட்டுச் சலித்தவர்களுக்கு, முதலிலேயே கோளாறு நேரத்தில்தான் இருந்திருக்கும்.

இணைந்ததும் டோர் செக் பக்கத்தைத் திறந்து, வாழ்த்துச் செய்தி வருகிறதா என்று பாருங்கள்.

உலாவியில் என்ன செய்யலாம், என்ன கூடாது

டோர் உலாவியின் பாதுகாப்பு, எல்லோரும் ஒரே மாதிரி தெரிவதில் இருக்கிறது. ஜன்னலின் அளவைக்கூட அது தோராயமாக்கித்தான் தளத்துக்குச் சொல்கிறது. ஓரங்களில் சாம்பல் பட்டை தெரிவது அதனால்தான், பழுதில்லை. நீங்கள் ஒரு எக்ஸ்டென்ஷனைச் சேர்த்தால், எழுத்துருவை மாற்றினால், கூட்டத்தில் தனியாகத் தெரிவீர்கள். டெயில்ஸில் வரும் உலாவியில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் முன்பே இருக்கிறது, அதற்கு மேல் எதையும் சேர்க்காதீர்கள்.

கேடய வடிவப் பொத்தானில் மூன்று பாதுகாப்பு நிலைகள் உண்டு. ஸ்டாண்டர்டில் எல்லாத் தளமும் ஓடும். சேஃபர் நிலையில் எச்டிடிபிஎஸ் இல்லாத தளங்களில் ஜாவாஸ்கிரிப்ட் நிற்கும், வீடியோவை அழுத்தினால்தான் ஓடும். சேஃபஸ்ட் நிலையில் ஜாவாஸ்கிரிப்ட் முழுக்க நிற்கும், பாதித் தளங்கள் உடைந்து தெரியும். அறிமுகமில்லாத இணைப்பைத் திறக்கும்போதும் ஆவணங்களைத் தேடும்போதும் சேஃபஸ்ட், வழக்கமான வாசிப்புக்கு சேஃபர் என்பது நல்ல பழக்கம். நிலையை வேலை நடுவில் மாற்றாமல், தொடங்கும்போதே மாற்றுங்கள்.

கடைசி ரிலேவை நடத்துவது யாராகவும் இருக்கலாம். எச்டிடிபிஎஸ் இல்லாத தளத்தில் நீங்கள் அடிக்கும் கடவுச்சொல்லை அவரால் படிக்க முடியும். உலாவி அந்த எச்சரிக்கையைக் காட்டினால் திரும்பிவிடுங்கள். ஆனியன் முகவரி (டோருக்குள் மட்டும் திறக்கும் முகவரி) உள்ள தளங்களில் கடைசி ரிலே என்ற பேச்சே இல்லை. பிபிசி 2019 முதல் அப்படி ஒரு முகவரி வைத்திருக்கிறது. முகவரிப் பட்டையில் ஆனியன் கிடைக்கும் என்ற ஊதா அறிவிப்பு வந்தால் அதற்கு மாறுங்கள்.

நியூ சர்க்யூட் என்பதும் நியூ ஐடென்டிட்டி என்பதும் ஒன்றல்ல. முன்னது, தளம் திறக்காமல் அடம்பிடித்தால் பாதையை மட்டும் மாற்றும். பின்னது எல்லா டேப்களையும் மூடிக் குக்கிகளையும் துடைக்கும். ஆனால் இரண்டு வேறு அடையாளங்களில் வேலை செய்வதாக இருந்தால் இதை நம்ப வேண்டாம். டெயில்ஸையே அணைத்து மறுபடி தொடங்குங்கள். ஒரே அமர்வில் சொந்தக் கணக்கையும் புனைபெயர்க் கணக்கையும் திறப்பதுதான் இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு.

நிலையான சேமிப்பகம்

டெயில்ஸ் அணைந்ததும் எல்லாம் மறையும். இறக்கிய கோப்பு, புக்மார்க், வைஃபை கடவுச்சொல் எதுவும் மிஞ்சாது. சிலவற்றை வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் ஆப்ஸ் பட்டியலில் பெர்சிஸ்டன்ட் ஸ்டோரேஜ் என்பதைத் திறந்து உருவாக்குங்கள். அது பென்டிரைவின் மீதி இடத்தில் லக்ஸ்2 முறையில் குறியாக்கம் செய்த பகுதியை அமைக்கும். எதையெல்லாம் சேமிப்பது என்று ஒவ்வொன்றாக இயக்கலாம். கோப்புறை, கீபாஸ்எக்ஸ்சி (கடவுச்சொல் பெட்டகம்) தரவு, பிரிட்ஜ் முகவரி மூன்றும் பெரும்பாலோருக்குப் போதும்.

கடவுத்தொடர்தான் இங்கே எல்லாமும். பாரதி வரியோ குறளோ வேண்டாம், உடைக்கும் மென்பொருள்களின் பட்டியலில் பிரபலமான வரிகளுக்குத்தான் முதலிடம். பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 வாய்ப்புகளில் ஒன்று கிடைக்கும். டைஸ்வேர் பட்டியலில் அந்த எண்ணுக்கு உரிய சொல்லை எடுங்கள். இப்படி ஆறு சொற்கள் சேர்த்தால் ஏறக்குறைய 77 பிட் வலிமை. டெயில்ஸே தற்செயலான சொற்களால் ஒரு தொடரைப் பரிந்துரைக்கும், அதையும் ஏற்கலாம். மறந்தால் மீட்க வழியே இல்லை. முதல் வாரம் காகிதத்தில் வைத்துக்கொண்டு தினமும் ஒருமுறை அடித்துப் பழகி, பின் காகிதத்தை எரித்துவிடுங்கள்.

பென்டிரைவ் எப்போது வேண்டுமானாலும் செத்துப்போகும். டெயில்ஸ் குளோனர் மூலம் இன்னொரு பென்டிரைவுக்கு நிலையான சேமிப்பகத்தோடு சேர்த்துப் பிரதியெடுத்து வேறு இடத்தில் வையுங்கள். ஏறக்குறைய மாதம் ஒரு புதிய பதிப்பு வரும். டோரில் இணைந்ததும் மேம்படுத்தல் அறிவிப்பு வந்தால் தள்ளிப்போடாதீர்கள்.

கோப்புகள் காட்டிக்கொடுக்கும்

தலைமறைவாக இருந்த ஆன்டிவைரஸ் நிறுவனர் ஜான் மெக்காஃபி 2012 டிசம்பரில் குவாதமாலாவில் இருப்பது, வைஸ் ஊடகம் வெளியிட்ட ஒரு புகைப்படத்துக்குள் இருந்த ஜிபிஎஸ் குறிப்பால் வெளிப்பட்டது. புகைப்படம், பிடிஎஃப், வேர்டு கோப்பு எதுவானாலும் கேமரா மாடல், எடுத்த நேரம், எழுதியவர் பெயர் போன்றவை உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். டெயில்ஸில் உள்ள மெட்டாடேட்டா கிளீனரில் கோப்பைப் போட்டு, சுத்தமான பிரதியை மட்டும் அனுப்புங்கள். படத்தில் தெரியும் கடைப் பலகையையும் பேருந்து எண்ணையும் அது நீக்காது. கோப்பை நேரடியாக இன்னொருவருக்குக் கொடுக்க ஆனியன்ஷேர் இருக்கிறது. உங்கள் கணினியே தற்காலிக ஆனியன் முகவரியாக மாறி, எதிராளி எடுத்துக்கொண்டதும் மூடிக்கொள்ளும். நடுவில் கூகுள் டிரைவ் தேவையில்லை.

ஹூனிக்ஸ்: ஓட்டை இருந்தாலும் ஐபி தெரியாமல்

டெயில்ஸுக்கு ஒரு பலவீனம் உண்டு. உலாவியும் டோரும் உண்மையான ஐபியும் ஒரே இயங்குதளத்தில் இருக்கின்றன. டெயில்ஸில் ஒளிந்திருந்த ஒரு குற்றவாளியைப் பிடிக்க, அதன் வீடியோ பிளேயரில் இருந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவியை ஃபேஸ்புக் பணம் கொடுத்து உருவாக்கவைத்து எஃப்பிஐ கைக்குச் சேர்த்தது என்று 2020 ஜூனில் செய்தி வந்தது. அவர் வீடியோவைத் திறந்தார், உண்மையான ஐபி வெளியே போனது.

ஹூனிக்ஸ் இந்த இடத்தைத்தான் அடைக்கிறது. அதில் இரண்டு மெய்நிகர் கணினிகள். கேட்வே டோரை மட்டும் ஓட்டும். வொர்க்ஸ்டேஷனில் நீங்கள் வேலை செய்வீர்கள். வொர்க்ஸ்டேஷனுக்கு உண்மை ஐபி தெரியாது, கேட்வே வழியாகத் தவிர வெளியேறப் பாதையும் இல்லை. அதற்குள் தீய நிரல் புகுந்தாலும் சொல்வதற்கு அதனிடம் எதுவும் இருக்காது.

கணினியில் 8 ஜிபி ரேமாவது இருக்கட்டும். பயாஸில் விடி-எக்ஸ் அல்லது எஸ்விஎம் என்ற பெயரில் இருக்கும் மெய்நிகராக்க அமைப்பை இயக்குங்கள். விர்ச்சுவல்பாக்ஸை நிறுவி, ஹூனிக்ஸின் ஓவிஏ கோப்பை இறக்கிக் கையொப்பத்தைச் சரிபாருங்கள். பிறகு ஃபைல் மெனுவில் இம்போர்ட் அப்ளையன்ஸ் கொடுத்தால் இரண்டு கணினிகளும் சேர்ந்தே வரும். முதலில் கேட்வேயைத் தொடங்குங்கள். இணைப்பு வழிகாட்டி முடிந்த பின் வொர்க்ஸ்டேஷனைத் தொடங்கி, சிஸ்டம்செக் ஓட்டி, எல்லாம் பச்சையாக வந்த பின் வேலையைத் தொடங்குங்கள்.

விர்ச்சுவல்பாக்ஸ் ஜன்னலின் கீழ்ப்பட்டையில் பச்சை ஆமை தெரிந்தால் விண்டோஸின் ஹைப்பர்-வி குறுக்கே நிற்கிறது என்று பொருள். விண்டோஸ் அம்சங்களில் அதை அணைத்தால் வேகம் திரும்பும். வொர்க்ஸ்டேஷனில் இணையம் வரவில்லை என்று சிலர் அதன் நெட்வொர்க் அடாப்டரை நாட் முறைக்கு மாற்றுகிறார்கள். இணையம் வந்தால் அது உண்மை ஐபியில்தான் வரும்! அது எப்போதும் இன்டர்னல் நெட்வொர்க் என்றே இருக்க வேண்டும். இணையம் வரவில்லையென்றால் கோளாறு கேட்வேயில்தான். விண்டோஸோடு பொதுவான கோப்புறையும் கிளிப்போர்டும் வைத்துக்கொள்ளாதீர்கள்.

ஹூனிக்ஸ் மறதியுள்ள அமைப்பு இல்லை. செய்ததெல்லாம் டிஸ்க்கில் தங்கும். கீழே ஓடும் விண்டோஸில் தட்டெழுதுவதைத் திருடும் கீலாக்கர் இருந்தால் மேலே உள்ள எந்தக் கோட்டையும் பயனில்லை. அதனால் ஹூனிக்ஸை முழு டிஸ்க் குறியாக்கம் செய்த லினக்ஸின் மேல் ஓட்டுவதுதான் சரி.

க்யூப்ஸ் பற்றிச் சுருக்கமாக

ஜோவான்னா ருட்கோவ்ஸ்காவின் தலைமையில் உருவாகி 2012-இல் 1.0 ஆக வந்த க்யூப்ஸ், கணினியையே சென் ஹைப்பர்வைசர் (மெய்நிகர் கணினிகளை நடத்தும் மென்பொருள்) கொண்டு அறைகளாகப் பிரிக்கிறது. வைஃபை இயக்கி ஒரு அறை, வங்கி ஒரு அறை, இணையமே இல்லாத பெட்டக அறை ஒன்று. ஜன்னல் ஓரத்தின் வண்ணம் எந்த அறை என்று சொல்லும். நிறுவும்போதே ஹூனிக்ஸையும் சேர்த்துக்கொள்ளலாம். ரேம் 6 ஜிபி குறைந்தபட்சம் என்பார்கள், 16 இல்லாமல் உட்கார வேண்டாம். வன்பொருளை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் விடி-டி வசதி கட்டாயம். வாங்குவதற்கு முன் அவர்களுடைய வன்பொருள் பட்டியலில் உங்கள் மாடல் இருக்கிறதா என்று பாருங்கள். விளையாட்டு, வீடியோ எடிட்டிங் செய்கிறவர்களுக்கு இது ஒத்துவராது, அறைகளுக்குள் கிராபிக்ஸ் முடுக்கம் கிடையாது.

கருவி காக்காத இடங்கள்

ஓடிபி கேட்கும் எந்தக் கணக்கும் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. சிம் வாங்கும்போது கொடுத்த அடையாளம் அதன் பின்னால் நிற்கிறது. ரயில் நிலைய வைஃபையும் ஓடிபி கேட்டுத்தான் உள்ளே விடும். பிரவுசிங் சென்டர்கள் 2011 விதிகளின்படி வாடிக்கையாளரின் அடையாளத்தையும் பயன்பாட்டுப் பதிவையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். இந்த மூன்றும் டோருக்கு வெளியே நடப்பவை.

கைப்பேசியைப் பையில் வைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்குப் போய் டெயில்ஸ் ஓட்டினால், அந்த நேரத்தில் நீங்கள் அங்கே இருந்தது டவர் பதிவில் இருக்கும்.

எழுத்து நடையும் ஒரு கைரேகைதான். நெல்லைக்காரர் எழுதும் தமிழையும் யாழ்ப்பாணத்தவர் எழுதும் தமிழையும் ஒரு பத்தியிலேயே பிரித்துவிடலாம். ஒற்று விடும் இடம், ஆச்சரியக்குறி போடும் பழக்கம், வழக்கமாகச் செய்யும் எழுத்துப்பிழை எல்லாம் சேர்ந்தால் வட்டம் இன்னும் சுருங்கும். புனைபெயரில் எழுதுகிறவர்கள் வட்டாரச் சொற்களைக் களைந்து, குட்டையான செய்தித்தாள் வாக்கியங்களில் எழுதுவது உதவும். எழுதி முடித்த உடனே பதிவிடாமல், வழக்கமாக நீங்கள் இணையத்தில் இருக்காத நேரத்தில் பதிவிடுங்கள்.

அணைத்தல்

வேலை முடிந்ததும் மேல் மூலை மெனுவில் ஷட் டவுன் கொடுங்கள். டெயில்ஸ் ரேமைத் துடைத்துவிட்டு அணையும். ஸ்லீப் நிலையில் மூடிவைக்காதீர்கள், சாவிகள் ரேமிலேயே இருக்கும். அவசரம் என்றால் பென்டிரைவை உருவினால் போதும், அதே துடைப்பு தானாக நடக்கும். ஆனால் இதைப் பழக்கமாக்கினால் சேமிப்பகம் ஒருநாள் பழுதாகும்.

பென்டிரைவில் தனிக் கோப்பை அழித்து நிம்மதி அடையாதீர்கள். அதன் உள்சிப் எழுதுமிடத்தை மாற்றிக்கொண்டே இருப்பதால் பழைய பிரதி எங்காவது கிடக்கும். குறியாக்கம் செய்த பகுதிக்குள் இருந்தவரை அந்தப் பிரதியும் கடவுத்தொடர் இல்லாதவருக்குப் பயன்படாது. மறுபடி சாதாரணப் பென்டிரைவாக மாற்ற, விண்டோஸின் டிஸ்க்பார்ட்டில் சரியான டிஸ்க் எண்ணைத் தேர்ந்து கிளீன் கட்டளை கொடுத்து, புதிதாக ஃபார்மேட் செய்யலாம். உள்ளே இருந்தது உயிர்போகிற விஷயம் என்றால் அதையும் நம்பாமல் சிப்பை உடைத்துவிடுங்கள்.